மேசைக்குக் கீழே இருந்த பிள்ளை

கம்பியூட்டர் பழுதானால் முதலில் செய்ய வேண்டிய வேலை, அதைச் சுற்றி நிற்பவர்களை அறையை விட்டு வெளியே அனுப்புவது. இது எந்தக் கையேட்டிலும் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் நானே அனுபவப்பட்டுக் கண்டுபிடித்தது. ஆட்கள் நிற்க நிற்க நோய் கூடும். ஒருவர் வைரஸ் என்பார். இன்னொருவர் தட்டிப் பார்க்கச் சொல்லுவார், சொன்னதோடு நில்லாமல் தானே வந்து தட்டுவார். அப்பா மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்பார்: "பிளக்கைக் குத்தினனியோ பிள்ளை?" எனக்குக் கோபம் தலைக்கேறும். சொல்லவே மனம் வரவில்லை, ஆனால் சில நாட்களில் பிளக் குத்தப்படாமலேதான் இருந்தது.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ரயில் பாதையும் இரண்டு வரிசை வீடுகளும்தான். காற்று நன்றாக வரும், உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். யன்னல் கம்பியைத் தின்கிற உப்பு கம்பியூட்டரை மட்டும் விட்டுவைக்குமா? திடீரென்று ஒரு நாள் திரை கறுப்பாகவே கிடக்கும், உள்ளேயிருந்து பீப், பீப் என்று நீளமாக அழும். கடைக்காரரிடம் கொண்டு போனால் மூடியைத் திறக்க முன்னரே "மதர்போர்ட் போயிட்டுது" என்று துக்கம் விசாரிப்பார். நம்பாதீர்கள். மின்சாரத்தை நிறுத்துங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், உடம்பில் நிற்கிற மின்சாரம் இறங்க, கையால் ஒருதரம் இரும்புப் பகுதியைத் தொடுங்கள். பிறகு அந்த ஒல்லியான ரேம் அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் நன்றாகத் தேய்த்துத் துடையுங்கள். திரும்பச் செருகும்போது இரண்டு பக்கமும் 'டிக்' என்று பூட்ட வேண்டும். பத்தில் எட்டு வியாதி அதோடு போய்விடும். மிச்சம் இரண்டுக்குத்தான் கடைக்காரர்.

நான் படித்தது கணக்கியல், வேலை பார்த்தது கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில். கம்பியூட்டரைக் கற்றுக்கொண்டது முழுக்க முழுக்கக் கோபத்தில். முதல் முறை பழுதானபோது கேசிங்கை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் பம்பலப்பிட்டிக்குப் போனேன். காலி வீதியில் சோதனைச்சாவடி. வெள்ளவத்தைத் தமிழ்ப் பெண், மடியில் பெரிய இரும்புப் பெட்டி, பின்னால் வயர்கள் தொங்குகின்றன. அந்த நாட்களில் இதைவிடச் சந்தேகமான காட்சியை ஒருவர் முயன்றாலும் ஏற்பாடு செய்ய முடியாது.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான் சிப்பாய். என்னைவிட இளையவன், ஆகவே தம்பி முறையில் 'மல்லி' என்றேன்.

"கம்பியூட்டரெக், மல்லி."

"அரின்ன."

திறக்கச் சொன்னால் எதால் திறப்பது? கைப்பையிலிருந்து ஸ்குறூ ட்ரைவரை எடுத்தேன். பெட்டியைவிட அதுதான் பெரிய பிரச்சினையானது. கைப்பையில் இது எதற்கு, யார் தந்தது, எங்கே வேலை, தமிழர் கையோடு வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு எங்கே. எல்லாம் காட்டி முடித்து மூடியைத் திறந்தால், அவன் உள்ளே எட்டிப் பார்த்து, ரகசியம் கேட்பவன்போல, இதில் கேம்ஸ் வேலை செய்யுமா என்று சிங்களத்தில் கேட்டான். செய்யும், ஆனால் ரேம் கூட்ட வேண்டும் என்றேன். போகச் சொன்னான். திரும்பி வரும்போது இன்னொருவன் நின்றான், திரும்பவும் முதலிலிருந்து எல்லாம். அன்றைக்கே முடிவெடுத்தேன், இனி இந்தப் பெட்டி வீட்டு வாசலைத் தாண்டாது, வருகிற நோயை வீட்டிலேயே பார்த்துக்கொள்வதென்று. நாட்டில் நடந்த சண்டை என்னை எதற்கெல்லாமோ ஆளாக்கியது, கம்பியூட்டர் திருத்துநராகவும் ஆக்கியது.

கொஞ்ச நாளில் பெயர் பரவிவிட்டது. மேல் மாடியில் இருந்த முஸ்லிம் குடும்பத்தில் இடி மின்னலுக்கு இன்ரர்நெற் மோடம் கருகியது. மின்சார பிளக்கைக் கழற்றியவர்கள் தொலைபேசி வயரை மறந்துவிட்டார்கள். மின்னல் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வரும், ஆகவே வானம் இருண்டால் முதலில் அதைக் கழற்றுங்கள். கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டுக் கம்பியூட்டர் தானாகவே நின்று நின்று போனது. திறந்து பார்த்தால் விசிறியில் கறுப்பாக ஒரு பசை. சாமிப்படங்களுக்குக் கீழேயே அதை வைத்திருந்தார்கள், காலையும் மாலையும் சாம்பிராணி. அவ்வளவு புகையையும் அந்த விசிறி பக்தியோடு உள்ளே இழுத்திருந்தது. "கம்பியூட்டருக்கும் அருள் வேணும்தானே" என்றார் பெரியம்மா. அருள் வரட்டும், புகை வேண்டாம் என்று மேசையை மற்றச் சுவருக்கு மாற்றி வைத்துவிட்டு வந்தேன்.

இதெல்லாம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. யாராவது வந்து கதவைத் தட்டி என்னைக் கேட்டால் அவருடைய முகம் சுருங்கும். "பொம்பிளைப் பிள்ளை ஸ்குறூ ட்ரைவரும் கையுமாத் திரிஞ்சா ஆர் வந்து கேப்பினம்?" என்பார். எனக்கு முப்பது தாண்டியிருந்தது. வந்த சம்பந்தங்களில் ஒன்று சாதகத்தால் போனது, ஒன்று விசாவால் போனது, ஒன்று ஏன் போனதென்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அம்மாவின் கணக்கில் அது ஸ்குறூ ட்ரைவரால் போனது.

அப்படி இருக்கும்போதுதான் ரொறன்ரோவிலிருந்து இந்தச் சம்பந்தம் வந்தது. அங்கே இருந்த தூரத்து உறவு அன்ரி ஒருவர் பேசிக் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் படம் தபாலில் வந்தது. மற்றப் படங்களில் எல்லாரும் யாரோ ஒருவருடைய காரில் சாய்ந்து நிற்பார்கள். இவர் ஒரு சமையலறை வாசலில், பாதி சிரிப்பில், இன்னும் ஆயத்தமாகாத நேரத்தில் எடுபட்டிருந்தார். எனக்கு அந்த முகம் பிடித்துப் போனது. யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் இது சரிவர வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன். இதுவும் தட்டிப் போனால் இனி யாருக்கும் முன்னால் போய் நிற்பதில்லை என்றும் நினைத்திருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் சண்டை நடக்கிற நாட்டுக்கு வந்து பெண் பார்க்கத் தயங்கினார்கள். வெப் கமராவில் பார்ப்பது என்று முடிவானது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் மற்ற வீடுகளில் சுவருக்குப் பெயின்ற் அடிப்பார்கள். நாங்கள் ரேம் கூட்டினோம். பழைய கம்பியூட்டருக்கு வேகம் வேண்டுமென்றால் கண்டதையும் மாற்ற வேண்டாம், முதலில் ரேமைக் கூட்டுங்கள், குறைந்த செலவில் நிறையப் பலன். அம்மாவுக்கு அதை விளங்கப்படுத்தியபோது, "கூட்டினா நீ வெள்ளையாத் தெரிவியோ?" என்று கேட்டார்.

அடுத்தது நேரம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்த காலம் அது. சுவர் மணிக்கூடு புதுநேரத்தில் ஓடியது, அப்பாவின் கைக்கடிகாரம் பிடிவாதமாகப் பழைய நேரத்தில் ஓடியது. பஞ்சாங்கம் பழைய நேரத்தில்தானே கணித்திருக்கிறது, ராகுவும் கேதுவும் அரசாங்கத்தைக் கேட்டா நடக்கின்றன என்பது அவர் வாதம். ஞாயிறு பின்னேரம் ராகுகாலம் கழித்து, ஏழு மணி நல்ல நேரம் என்று அவர்தான் பார்த்து அன்ரிக்குச் சொன்னார். அப்பாவின் ஏழு என்றால் சுவரில் ஏழரை என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ரொறன்ரோவுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சேலை கட்டிலில் விரித்திருக்க, மல்லிகைச் சரம் ஈரத்துணியில் சுற்றியிருக்க, கம்பியூட்டர் பீப், பீப் என்று அழத் தொடங்கியது. வேறெந்த நாளிலும் இல்லாத அழுகை. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா, "பிளக்கை..." என்று தொடங்கினார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார்.

வீட்டில் போடுகிற ஹவுஸ்கோட்டோடு, தலைமயிரை ரப்பர் பாண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியும் ரோச் லைற்றுமாக மேசைக்குக் கீழே போனேன். கேசிங்கின் மேல் இருந்த கமராவைத் தூக்கி அருகிலிருந்த ஸ்டூலில் வைத்தேன். ரேமைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். உயிர் வந்தது. எழுந்து இன்ரர்நெற்றையும் இணைத்து, மெசஞ்சரையும் திறந்து வைத்தேன். ஆனால் விசிறி ஒரு வயரில் இடித்து கிர்ர் என்று ஒரே சத்தம். மூடியைப் பூட்ட முன்னர் அந்த வயரை ஒதுக்கிக் கட்டத் திரும்பவும் கீழே நுழைந்தேன். சுவர் மணிக்கூட்டில் ஏழுதான், எனக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

கம்பியூட்டரில் அழைப்பு மணி அடித்தது. மாப்பிள்ளை வீட்டில் கொழும்பு நேரத்தை ஒழுங்காகத் தேடிப் பார்த்து, சரியாக ஏழுக்கு வந்துவிட்டார்கள். "மணி அடிச்சா இந்த பட்டனை அமுக்குங்கோ" என்று ஒரு கிழமையாக அம்மாவைப் பழக்கியிருந்தேன். அவர் பதற்றத்தில் அதை மட்டும் பிழையில்லாமல் செய்தார். கமரா ஸ்டூலில் இருந்தபடி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தால், திரையில் நெருப்புப் பெட்டி அளவு கட்டத்தில் ஒரு சோபாவும் ஸ்வெற்றர் போட்ட மூன்று நான்கு பேரும் தெரிந்தார்கள். ஸ்பீக்கரில் ஒரு அம்மாவின் குரல்: "வணக்கம்... அது ஆர் பிள்ளை, மேசைக்குக் கீழ?"

என் வாயில் ரோச் லைற். நானே சொல்லிவிடலாம் என்று அதை வாயிலிருந்து எடுக்க முன்னர் அம்மா முந்திக்கொண்டார்.

"அது... அது கம்பியூட்டர் திருத்த வந்த பிள்ளை."

சிரிப்பு வரவேண்டிய இடம்தான். எனக்கு வந்தது அழுகை. பெற்ற தாய் என்னை இன்னாரென்று சொல்ல வெட்கப்படுகிறாள் என்பது அந்த ஒரு வசனத்தில் சுளீரென்று உறைத்தது. ஆனால் திருத்த வந்த பிள்ளை அழுதால் ஏன் என்று கேட்பார்களே. ஆகவே வயரைக் கட்டினேன்.

"நல்லதாப் போச்சு," என்றது ஒரு ஆண்குரல். "தங்கச்சி, ஒரு டவுட். எங்கட கம்பியூட்டர் கொஞ்ச நேரம் ஓடிப்போட்டுத் தானா நிக்குது. ஏனெண்டு தெரியுமோ?"

மாப்பிள்ளை. இனி இழக்க என்ன இருக்கிறது என்ற எரிச்சலில் திருத்த வந்த பிள்ளையாகவே பதில் சொன்னேன். "எங்க வச்சிருக்கிறியள்?"

"ஹீட்டருக்குப் பக்கத்தில."

"ஹீட்டருக்குப் பக்கத்தில வச்சுப்போட்டுக் கம்பியூட்டரைக் குறை சொல்லுறியளோ?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "மேல ஒரு பூப்போட்ட துணியும் போட்டிருக்கிறம், தூசி படாமல்," என்றார் அவருடைய அம்மா, கொஞ்சம் பயந்த குரலில்.

"ஓடேக்கையுமோ?"

"ஓம்."

"ஏன், அதுக்கும் குளிருமெண்டோ? முதல்ல அதை உரியுங்கோ. மூச்சு விடட்டும்."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, நெருப்பாகக் கொதிக்கிறது என்றார். இப்போது திறக்க வேண்டாம், கதைத்து முடிந்ததும் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஆற விட்டுத் திறங்கள் என்றேன். பெயின்ற் பிரஷ் ஒன்றால் விசிறி இதழ்களில் இருக்கிற தூசியைத் தட்ட வேண்டும், தட்டும்போது விசிறியைச் சுற்ற விடாமல் ஒரு விரலால் பிடிக்க வேண்டும். "வக்கூம் கிளீனர் பிடிச்சா என்ன?" என்று கேட்டார். "பிடிச்சியள் எண்டா பிறகு எனக்குக் கோல் எடுக்காதேங்கோ" என்றேன். வக்கூம் கிளீனரை எடுக்க மாட்டேன் என்று வாக்குத் தந்தார். பின்னால் அம்மா எனக்கு என்னென்னவோ சைகை காட்டினார். நான் திரும்பவில்லை. அவ்வளவு நேரமும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதுதான் உண்மை. கடைசியில் அம்மா, மகள் இப்போதுதான் குளித்துவிட்டு வருகிறாள், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.

அப்பாவின் ஏழு மணிக்கு மகள் வந்தாள். சேலை, மல்லிகை, பவுடர், பொட்டு. கண்ணாடி இல்லை, அம்மா கழற்றி வாங்கி வைத்துவிட்டார். எதிரே சோபா இருந்ததா, சோமாலியா இருந்ததா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கமராவும் அந்த நாளையது, முகம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் புகைந்திருக்கும். வாயைத் திறக்காதே, கேட்டால் மட்டும் மெதுவாகப் பதில் சொல் என்பது உத்தரவு. சொன்னேன். ஓம். இல்லை. ஓம். பாட்டுத் தெரியுமோ என்று கேட்டார்கள், கொஞ்சம். சமையல், ஓம். "கம்பியூட்டர் ஏதும் தெரியுமோ?" என்றார் மாப்பிள்ளை.

அம்மாவின் விரல் என் இடுப்பில் இறுகியது. "கொஞ்சம்," என்றேன்.

அவருடைய குரலும் ஏதோ சோர்ந்தது போலிருந்தது. நல்லது, யோசித்துச் சொல்கிறோம் என்று முடித்தார்கள். அம்மா அன்றிரவு என்னோடு கதைக்கவில்லை, நானும் அவரோடு கதைக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அப்பா, ராகுவைக் குறை சொல்லிக்கொண்டு சாப்பிட்டார்.

மறுநாள் நான் வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போதே தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்தார். அன்ரி கதைத்தால் ரிசீவரைக் காதில் வைக்கவே தேவையில்லை, அறை முழுக்கக் கேட்கும்.

"பொம்பிளையில குறை சொல்ல ஒண்டும் இல்லையாம். நல்ல அமைதியாம். ஆனா அவைக்கு மனம் சரிவரேல்லையாம், குறை நினைக்காதேங்கோ."

நான் செருப்போடு அப்படியே நின்றேன்.  சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

"இன்னுமொண்டு," என்றார் அன்ரி. இப்போது அவரும் குரலைக் குறைக்க முயன்றார், முடியவில்லை. "கேக்கவே எனக்கு வெக்கமாக் கிடக்கு. அந்தத் திருத்த வந்த பிள்ளை ஆர்? எந்த ஊர்? கலியாணம் ஆகிட்டுதோ? பெடியன் ராத்திரி முழுக்க அந்தப் பிள்ளையைப் பற்றியே கதையாம். தாய்க்காரிக்கும் பிடிச்சுப் போச்சாம். உங்களிட்ட விசாரிச்சுச் சொல்லச் சொல்லினம்."

அப்பா பேப்பரை இறக்கினார். எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. சேலை கட்டிய என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஹவுஸ்கோட் போட்ட என்னைக் கேட்கிறார்கள். எந்தப் பக்கம் நின்று ரோஷப்படுவது?

அம்மா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தூசி படிந்த என் அலுவலகச் சேலையை, வெய்யிலில் வேர்த்த முகத்தை, கண்ணாடியை, நிதானமாகப் பார்த்தார். அவருடைய கண் நிறைந்தது. ஏதாவது ஊர், ஏதாவது வீடு சொல்லித் தப்பிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு பொய் சொன்னவருக்கு இன்னொன்று பாரமில்லை.

"அன்ரி," என்றார். அம்மாவைவிட இளையவர் அவர், ஆனாலும் நான் கூப்பிடுவதைக் கேட்டு அம்மாவும் அப்படியே கூப்பிடுவார். "அந்தப் பிள்ளை இந்த ஃபிளாட்டில இருக்கிற எல்லாற்ற கம்பியூட்டரையும் திருத்தும். எங்கட ஃபேன், அயன்பொக்ஸ், கிறைண்டர், எல்லாம் அதுதான் திருத்தினது. ஆமி மறிச்சாலும் பயப்படாமல் நிண்டு பதில் சொல்லும். வாய் கொஞ்சம் கூட, அதையும் சொல்லிப்போடுங்கோ. கலியாணம் இன்னும் ஆகேல்லை."

"அப்ப ஆற்ற பிள்ளை?" என்றது ரிசீவர்.

"என்ர பிள்ளை. நான் நேற்றுப் பொய் சொல்லிப்போட்டன். எனக்கு இருக்கிறதே அவள் ஒருத்திதான்."